இரண்டாவது ஜாடி

விளக்குச் சிப்பியை முதன்முதலாகக் கையில் வாங்குகிறவர்கள் அதை மட்டி என்றுதான் சொல்வார்கள். இந்தப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இரண்டு பேரும் அப்படித்தான் சொன்னீர்கள். கூச்சப்பட வேண்டாம், நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். இரண்டு ஓடு, நடுவில் ஒரு கீல் என்று இருந்தால் வேறென்ன சொல்லத் தோன்றும்? ஆனால் மட்டிக்கு வலது ஓடு, இடது ஓடு. இதற்கோ மேல் ஓடு, கீழ் ஓடு. கீழ் ஓட்டின் மூக்கில் ஒரு துளை இருக்கும். அதன் வழியாகக் காம்பை நீட்டிக் கடலடிப் பாறையைப் பிடித்துக்கொண்டு, ஆயுசு முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். பழைய காலத்து எண்ணெய் விளக்கின் சாடை இருப்பதால் அந்தப் பெயர். மட்டிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதெல்லாம் உங்களுக்குப் புத்தகத்திலேயே கிடைக்கும். உள்ளே இருக்கும் சுண்ணாம்பு வளையம் எப்படி இருந்தால் எந்தப் பேரினம், ஓட்டில் புள்ளிகள் எப்படி இருந்தால் எந்த இனம் என்று பிரித்துக் காட்டும் பட்டியல்கள் வந்துவிட்டன. நான் சொல்ல வந்தது, அந்தப் பட்டியலோடு எல்லாம் அழகாகப் பொருந்தி வந்த ஒரு சமயத்தைப் பற்றி. பொருந்தி வரும்போதுதான் அடிவயிற்றில் ஒரு பயம் வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

நான் காலேஜ் படித்தவனில்லை. திண்டுக்கல்லில் பூட்டுக் கடைக்கும் சுருட்டுக் கடைக்கும் போர்டு எழுதிக்கொண்டிருந்தவன். கல்லூரி விலங்கியல் துறைக்குத் தவளையின் ரத்தக் குழாய்களைப் பெரிய துணியில் வரைய ஆள் தேவைப்பட்டது. போய் வரைந்தேன். சிவப்பும் நீலமும் பிசகாமல் இருந்ததைப் பார்த்து அங்கேயே வைத்துக்கொண்டார்கள். ஐம்பதுகளின் கடைசியில் போனவன், பிறகு அந்த மாடி அறையை விட்டு இறங்கவேயில்லை. என் மனைவிக்கு ஆத்தூர் பக்கம். கடலடிச் சிப்பியை வரைகிறேன் என்று நான் சொன்னபோது அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "குடிக்கத் தண்ணிக்கு வரிசையில நிக்கிற ஊர்ல இருந்துக்கிட்டு கடலடியப் படம் போடுறீகளாக்கும்" என்றாள். அந்த வேலையை அவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொன்னதில்லை.

அந்தச் சிப்பிகளை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தவர் துறையில் இருந்த ஒரு விரிவுரையாளர். பெயரைச் சொல்ல மாட்டேன். தன் பெயர் அச்சில் வரவேண்டும் என்று அவர் ஆசைப்பட்ட காலமும் உண்டு, வேண்டாம் என்று நினைத்த காலமும் உண்டு. எது கடைசி முடிவு என்று இப்போது கேட்க வழியில்லை. சார் என்றே சொல்கிறேன். என்னைவிட வயதில் சிறியவர். என்னை அண்ணே என்பார். பேகம்பூரில் அவருடைய அத்தா, அதாவது அப்பா, தோல் மண்டி வைத்திருந்தார். ஆட்டுத்தோல் மலைமலையாக வந்து இறங்கும், தரம் பிரித்து வெளியூருக்குப் போகும். ஒரே மகன். மகன் மண்டியில் உட்காராமல் கல்லூரி மாடியில் உட்கார்ந்து பூச்சி புழுவைப் பார்ப்பது அவருக்குப் பெரிய மனக்குறை.

கொச்சிக்கு வந்துபோகும் ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் இருந்த விஞ்ஞானியைச் சார் விடாமல் கேட்டு, ஆழ்கடலில் அள்ளிய விளக்குச் சிப்பிகளை இரண்டு ஜாடிகளில் இரவலாக வாங்கினார். இனம் பிரித்துச் சொல்லிவிட்டுத் திருப்பித் தரவேண்டும். அத்தாவிடமும் ஒரு தவணை வாங்கினார். இதில் புதிய இனம் ஒன்றைக் கண்டுபிடித்து எழுதிவிட்டால் கல்லூரியிலேயே இருந்துகொள்வது, இல்லாவிட்டால் அந்த வருடத்தோடு மண்டிக்கு வந்துவிடுவது என்று பேச்சு.

இப்போது நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் நம் மாநிலம் முழுக்க மதுவிலக்கு. ஜாடிகளில் உயிரினங்களைப் போட்டுவைக்கும் ஸ்பிரிட் பெர்மிட் இல்லாமல் கிடைக்காது. எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று சோதிக்க ஓர் அதிகாரி வருவார். திண்டுக்கல் வெயிலில் மூடியைத் திறந்து மூடுவதற்குள் பாதி ஆவியாகிவிடும். அதை அவரிடம் சொன்னோம்.

"ஆவியாயிருச்சா? யாரு வயித்துக்குள்ள?" என்றார்.

சார் எவ்வளவோ விளக்கினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீதான் படம் போடுற ஆளா? கையை நீட்டு, நடுங்குதான்னு பாப்போம்."

நீட்டினேன். நடுங்கியது. குடிக்காதவனுக்கும் அப்படி ஓர் ஆள் முன்னால் நிற்கும்போது நடுங்கும் என்று அவரிடம் யார் சொல்வது? பெர்மிட் நின்றுபோயிற்று.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கொச்சியிலிருந்து சிப்பி ஜாடிகளின் பெட்டி ரயிலில் வந்து இறங்கியது. பெட்டியின் ஒரு மூலை நனைந்திருந்தது. போர்ட்டர் அதைத் தலைக்குத் தூக்கும்போது மோந்து பார்த்தார். "என்ன சாமி, சரக்கு மணக்குது, வெளங்குன மாதிரிதான்" என்றார். மாடிக்குக் கொண்டுபோய்த் திறந்தோம். முதல் ஜாடி பத்திரமாக இருந்தது. இரண்டாவது ஜாடியின் மூடி விரிசல் விட்டு ஸ்பிரிட் அத்தனையும் வைக்கோலில் இறங்கியிருந்தது. சிப்பிகள் காய்ந்துவிடும். ஊற்ற எங்களிடம் ஸ்பிரிட் ஒரு சொட்டு இல்லை. துறையில் தாராளமாக இருந்தது ஃபார்மலின். மீனையும் தவளையையும் பல்லியையும் அதில்தான் போட்டு வைப்போம். மூடியை மாற்றி, ஃபார்மலினை ஊற்றி, பெருமூச்சு விட்டோம். அன்றைக்கு அது பெரிய காரியமாகத் தெரிந்தது. சிப்பியைக் காப்பாற்றிவிட்டோம் என்று சார் எனக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்.

சார் முதல் ஜாடியில் இறங்கினார். இரண்டாவது ஜாடி பரீட்சை, கோடை விடுமுறை எல்லாம் தாண்டி அலமாரியில் நின்றது.

முதல் ஜாடிச் சிப்பிகளை உங்களுக்குக் காட்ட முடிந்தால் நன்றாக இருக்கும். புளியங்கொட்டை அளவு. கண்ணாடி மாதிரி ஓடு. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இருக்கும் வளையத்தின் நிழல் தெரியும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஓடு முழுக்க ஊசியால் குத்திய மாதிரி பொடிப்பொடிப் புள்ளிகள். உள் வளையம் நூலைவிட மெலிசு. இரண்டு கைகள் நீண்டு வளைந்து திரும்பிவரும். நடுவில் இருக்கும் சின்ன வரப்போடு அந்தக் கைகளை ஒரு குறுக்குப் பட்டை சேர்க்கும். சதையை நீக்கி அந்த வளையத்தை உடையாமல் வெளியே காட்டுவதற்குச் சார் மூச்சை அடக்கிக்கொண்டு அணில்முடித் தூரிகையால் வேலை செய்வார். அந்த நேரத்தில் யாராவது மாடிப்படி ஏறினால் எனக்குக் கோபம் வரும்.

கல்லூரி திறந்த பிறகு இரண்டாவது ஜாடியைத் திறந்தோம். சார் முதல் சிப்பியை வைத்துப் பார்த்தார். அடுத்ததை வைத்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, "அண்ணே, நீங்க பாருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார்.

பார்த்தேன். ஓடு கண்ணாடியாக இல்லை, பால் ஊற்றிய மாதிரி வெளுப்பு. புள்ளிகள் பொடியாக இல்லை, வாய் அகன்ற குழிகள். உள் வளையத்தில் குறுக்குப் பட்டையே இல்லை. வரப்பில், பட்டை இருக்கவேண்டிய இடத்தில், இரண்டு சின்ன மொட்டுகள்தான் இருந்தன.

"இது வேற சார்" என்றேன்.

"அவசரப்படக் கூடாது" என்றார். ஆனால் குரல் அவசரப்பட்டது.

விளக்குச் சிப்பியில் ஒரு பிரசித்தமான பொறி உண்டு. நீங்களும் அதைப் படித்திருப்பீர்கள். குஞ்சாக இருக்கும்போது வளையம் ஒரு மாதிரி, வளர்ந்த பிறகு வேறு மாதிரி. குஞ்சைப் பார்த்துத் தனி இனம் என்று எழுதி மாட்டிக்கொண்டவர்கள் பெரிய பெரிய ஆட்கள். சார் அந்தப் பொறியில் விழவில்லை. முதல் ஜாடிச் சிப்பிகளைச் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக வைத்தார். இரண்டாவது ஜாடிச் சிப்பி ஒவ்வொன்றையும் அதே அளவுள்ள சிப்பியோடு ஒப்பிட்டார். எந்த வயதிலும் இரண்டும் சேரவில்லை. இரண்டு ஜாடிச் சிப்பிகளும் கடலில் வேறு வேறு இடத்தில் அள்ளியவை என்பதும் ஒத்துப்போயிற்று. குறுக்குப் பட்டை இல்லாமை, அகன்ற குழி, வரப்பில் இரட்டை மொட்டு என்று புதிய இனத்தின் அடையாளங்களை அவர் சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். பெரிய பொறியைத் தாண்டிவிட்டோம் என்ற தெம்பு எங்களுக்கு. தாண்டிய கால் எங்கே இறங்குகிறது என்று பார்க்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். புதிய இனத்துக்கு அத்தாவின் பெயரை வைக்கப்போவதாகவும் சொன்னார்.

அதற்கு அப்புறம் பேகம்பூரில் தலை காட்ட முடியவில்லை. அத்தா மண்டியில் சொன்னார், பள்ளிவாசலில் சொன்னார், சலூனில் பாதி சவரத்தில் சொன்னார். நான் போர்டு எழுதிக்கொடுத்த கடைக்காரர்கள் எல்லாம் என்னை நிறுத்தி, "ராவுத்தர் பேர்ல கடல்ல ஒரு ஜந்து இருக்காமே, அதுவும் அவர் மாதிரி சத்தம் போடுமா?" என்று கேட்டார்கள். வடமதுரையில் ஆட்டுத்தோல் வாங்கப் போன இடத்திலும் அவர் சொல்லிவிட்டு வந்தார் என்று கேள்வி. மகன் மண்டிக்கு வரவில்லை என்பதை அவர் அப்போதுதான் மன்னித்திருந்தார்.

கட்டுரை தயாராகிவிட்டது. அச்சுக்குப் பிளாக் செய்ய அனுப்புவதற்குப் படங்களை மையில் வரைய வேண்டும். மைப்படத்தைப் பழைய பென்சில் படத்தைப் பார்த்து வரையக் கூடாது, சிப்பியை மறுபடி வைத்துத்தான் வரைய வேண்டும் என்பது சார் போட்டிருந்த சட்டம். மைக்ராஸ்கோப்பின் மேல் ஒரு சின்னக் கண்ணாடியை மாட்டுவோம். அதில் சிப்பியும் என் பேனா முனையும் ஒரே இடத்தில் தெரியும்; தெரிகிற கோட்டின் மேலேயே இழுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். அதே சிப்பி, அதே லென்ஸ். வரைந்து முடித்து, பழைய படத்தின் மேல் புதியதை வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்துப் பார்த்தேன்.

சேரவில்லை. புதிய படத்தில் ஒவ்வொரு குழியும் பருத்திருந்தது.

எனக்குக் கண் போய்விட்டது என்று நினைத்தேன். போர்டு எழுதுகிறவர்களுக்கு வருகிற பயம்தான் அது. வலது கை போனாலும் இடது கையால் பிழைத்துக்கொள்ளலாம். சாரிடம் சொல்லாமல் இன்னொரு சிப்பியை வரைந்து பார்த்தேன். அதிலும் அப்படியே. இனி மறைக்க முடியாது என்று இரண்டு படங்களையும் கொண்டுபோய் நீட்டினேன்.

"என்னண்ணே இது, கவனம் எங்க இருக்கு?" என்றார் முதலில். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு அவரே ஜன்னலில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"புள்ளி ஒண்ணுகூட இடம் மாறலையே" என்றார். "கை பெசகியிருந்தா இடமும்ல மாறணும்? எல்லாம் அங்கங்க அப்படியே இருக்கு. பருத்து மட்டும் போயிருக்கு."

"அப்ப என் கண்ணு?"

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். சொன்ன விதத்தில் எனக்கு ஆறுதல் வரவில்லை.

இரண்டாவது ஜாடியின் மூடியைத் திறந்தார். கண் எரிந்தது. லிட்மஸ் தாளை நனைத்து எடுத்தார், சிவந்தது. ஃபார்மலின் நாள்பட நாள்படப் புளிக்கும், அந்தப் புளிப்பு சுண்ணாம்பைத் தின்னும் என்று படித்தவர்தான் அவர். அவருக்கு மட்டுமல்ல, துறைக்கே அது தெரியும். ஆனால் மீனுக்கும் தவளைக்கும் ஊற்றிப் பழகிய கை. அன்றைக்கு ரயில் பெட்டி நனைந்து வந்த பதற்றத்தில் அது சிப்பி, சுண்ணாம்பு என்று யாருக்கும் நினைவு வரவில்லை.

வளையத்தை மறுபடி பார்த்தார். குறுக்குப் பட்டை இல்லாத இனம் என்று எழுதியிருந்தோமே, அது இல்லாத பட்டையா, கரைந்த பட்டையா? புதிய இனத்துக்கே உரிய இரட்டை மொட்டு என்று பெருமையோடு வரைந்தோமே, அது பட்டை அறுந்த இடத்தில் மிச்சம் நிற்கும் கட்டையாகவும் இருக்கலாம் அல்லவா?

"இருக்கலாம்" என்றுதான் சொன்னார். "இருக்கலாம்கிறதை வச்சு ஒரு இனத்தை அழிக்கவும் கூடாது."

முதல் ஜாடியிலிருந்து ஒரு சிப்பியை எடுத்தார். உடைந்தது ஒன்று இருந்தது, அதை எடுக்கவில்லை. இருப்பதிலேயே துலக்கமானதை எடுத்தார். எனக்குப் பதறியது. இரவல் பொருள், மறுபடி கடலடிக்குப் போய் அள்ளிவர முடியாதது.

"அந்த ஒடஞ்சதையே வச்சுக்கிடலாமே சார்?"

"ஒடஞ்சதை வச்சு செஞ்சா, ஒடஞ்சதுனாலதான் அப்படி ஆச்சுன்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிடுவேன்ணே. எனக்கு என்னையத் தெரியும்."

ஓட்டை பிளேடால் இரண்டாக்கினார். ஒரு பாதியை முதல் ஜாடி ஸ்பிரிட்டில் போட்டார், மறு பாதியை இரண்டாவது ஜாடி ஃபார்மலினில். பூட்டி, சாவியைத் துறைத்தலைவரிடம் கொடுத்துவிட்டார். தினமும் எட்டிப் பார்த்தால் மனசு விரும்புவதைத்தான் கண் பார்க்கும் என்றார்.

அந்த வாரங்களை எப்படித் தள்ளினோம் என்று சொல்லத் தெரியவில்லை. நான் காலையில் சைக்கிளை எடுக்கும்போதே கோட்டை மாரியம்மனை வேண்டிக்கொள்வேன், ஓடு மாறாமல் இருக்க வேண்டும் என்று. சாருக்குச் சோறு இறங்கவில்லை. அத்தா தினமும் கேட்கிறார், புத்தகம் வந்துவிட்டதா என்று. ஒருநாள், "வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு நானே வாரேன், அந்தச் சிப்பியைக் கண்ணால பாத்துப்புடணும்" என்றுவிட்டார். வேண்டாம் என்று சொல்லக் காரணம் அகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சார் சாவியை வாங்கினார். இரண்டு பாதிகளையும் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் போட்டார். நான் வெளியே நிற்க, எது எதுவென்று அவருக்கு மட்டும் தெரியும்படி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"எதுவும் கேக்காதீக. வழக்கம்போல வரைங்க."

முதல் கிண்ணத்தில் பொடிப்பொடிப் புள்ளிகள். வரைந்தேன். இரண்டாவது கிண்ணத்தை வைத்துவிட்டுக் குனிந்தேன். விளிம்பில் கண்ணாடித் தெளிவு போய்ப் பால்நிறம் ஏறியிருந்தது. குழிகள் வாய் திறந்திருந்தன. எது எந்தப் பாதி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் வரைந்துகொண்டிருக்கும்போதே தெரிந்துபோயிற்று. இரண்டாவது ஜாடிச் சிப்பி ஒன்றை நான்தான் எத்தனை தடவை வரைந்திருக்கிறேன்! அதன் சாடை இதில் வந்துகொண்டிருந்தது. குழிகளைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டுவிடலாமா என்று பேனா ஒரு நொடி கேட்டது. கண்ணாடியில் தெரிந்த கோட்டின் மேலேயே இழுத்தேன்.

சார் இரண்டு படங்களையும் வாங்கிப் பார்த்தார். பிறகு கிண்ணங்களைத் தூக்கி, அடியில் ஒட்டியிருந்த துண்டுத்தாளைப் பார்த்தார். பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

"ஒரே இனம்தாண்ணே" என்றார்.

அத்தா வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வெள்ளை வேட்டி, அத்தர் வாசனை, கையில் துறைக்கே கொடுப்பதற்கு ஓர் இனிப்புப் பொட்டலம். படியேறியதில் மூச்சு வாங்கியது. வாசலிலேயே, "எங்கப்பா எம் பேருக்காரன்? வரச் சொல்லு வெளிய" என்றார்.

"உக்காருங்கத்தா" என்றார் சார்.

"உக்காரத்தான் மண்டியில எடம் கெடக்கே. சிப்பியக் காட்டு தம்பி."

சார் இரண்டு ஜாடிச் சிப்பிகளையும் காட்டினார். இரண்டு பாதி ஓடுகளையும் காட்டினார். ஒளிக்காமல், சுற்றி வளைக்காமல் சொன்னார். அத்தா மைக்ராஸ்கோப்பில் குனிந்து ஒவ்வொன்றையும் பார்த்தார். தோலைத் தடவித் தரம் பார்க்கிற மாதிரி ஒரு விரலால் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே பார்த்தார். நான் அறையை விட்டுப் போகலாமா, இருக்கலாமா என்று தெரியாமல் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கழுவிய தூரிகைகள்.

"அப்ப எம் பேரு?" என்றார்.

"இல்லத்தா. வைக்க இனம் இல்ல."

"ஊர் பூராச் சொல்லிப்புட்டேனே தம்பி."

"தெரியும்த்தா."

அத்தா குரலைத் தணித்துக் கேட்டார். "இது யாரு யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, அண்ணனுக்கு. இப்ப உங்களுக்கு."

"நீ எழுதி அனுப்பிப்புட்டா, எம்புட்டு நாளைக்குத் தெரியாம இருக்கும்?"

"ரொம்ப நாளைக்கு. ஆழ்கடல்ல போய் யாரு சட்டுனு பாக்கப் போறாக?"

"பெறகென்ன?"

சார் ஜாடியைக் கையில் எடுத்துக்கொண்டார். "இதை நம்பி எவனாவது ஒருத்தன் தேடுவான்த்தா. கப்பல் கப்பலாப் போய்த் தேடுவான். கடல்ல இருக்காது. இந்த ஜாடிக்குள்ளதானே பொறந்துச்சு? ஆயுசு பூராத் தேடிப்புட்டு, தன் கண்ணுதான் சரியில்லேன்னு நெனைச்சுக்கிடுவான்."

அத்தா பொட்டலத்தை மேசையில் வைத்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார். படியில் அவர் செருப்புச் சத்தம் அடங்கியது.

"தவணை முடிஞ்சு போச்சுண்ணே" என்றார் சார். அன்றைக்கே மேசையை ஒழுங்குபடுத்த ஆரம்பித்துவிட்டார். புத்தகங்களில் எது துறையுடையது, எது தன்னுடையது என்று பிரித்துவைத்தார். கப்பல் விஞ்ஞானிக்கு நடந்ததை அப்படியே எழுதினார். சிப்பிகள் கெட்டதையும் சேர்த்து எழுதினார். கட்டுரையைக் கிழித்துவிட்டு, ஓர் இனம் மட்டும் உண்டு, ஃபார்மலினில் கிடந்தால் அது இப்படி வேடம் போடும் என்று சின்னக் குறிப்பாக மாற்றி எழுத உட்கார்ந்தார். என் படங்களில் நான்கை அதில் சேர்த்தார். துலக்கமான பாதி, வெளுத்த பாதி, பட்டையுள்ள வளையம், கட்டை நிற்கும் வளையம். நான் வரைந்ததில் அச்சேறிய முதல் படங்கள் அவைதான்.

இதை உங்களுக்கு எதற்குச் சொல்கிறேன் என்றால், ஃபார்மலினில் புளிப்பை முறிக்கும் வெங்காரத்தைப் போட மறக்காதீர்கள் என்பதற்காக மட்டும் அல்ல. அது அலமாரிக் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. இரண்டு பொருள் வேறு வேறாகத் தெரியும்போது, கடல் அவற்றை வேறாக்கியதா, நாம் வேறாக்கினோமா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பது சுலபம். கேட்டுவிட்டு, நமக்குப் பிடிக்காத பதில் வருகிறவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டுமே, அதுதான் இந்த வேலை. எனக்கு அது இன்றுவரை சுலபமாகவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. சாயங்காலம் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பேகம்பூர் பக்கம் சைக்கிளை விட்டேன். மண்டிக்கு எதிரே இருந்த டீக்கடையில் தோல் வியாபாரிகள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அத்தா. அவர் கண்ணில் படாமல் தூணுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு டீ சொன்னேன். அவரைக் கேலி செய்வதென்றே பிறவி எடுத்த ஓர் ஆள் அங்கே உண்டு, பக்கத்து மண்டிக்காரர். நான் பயந்த மாதிரியே அவர்தான் ஆரம்பித்தார்.

"என்ன ராவுத்தரே, நேத்துப் பாக்கப் போனீகளே, உம்ம சிப்பி எப்படி இருக்கு? சொகமா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"எம் மகன் கழிச்சுப்புட்டான்" என்றார்.

"கழிச்சுப்புட்டானா?"

"ஆமா. பாக்க நல்ல சரக்குதான். நீரெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு மொதத் தரத்துல போட்டுருப்பீரு. நானுந்தான் போட்டுருப்பேன். அவன் பாத்தான், ஆகாதுன்னு கழிச்சுப்புட்டான்."

"உம்ம பேரு போச்சே ஓய்."

"போனாப் போகுது."

பக்கத்து மண்டிக்காரர் விடவில்லை. "அப்ப அடுத்த மாசம் தம்பி மண்டிக்கு வந்துரும்னு சொல்லும்."

அத்தா டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைப் பெஞ்சில் கவிழ்த்து வைத்தார்.

"அவன் எங்கிட்டு வாரது? அவனுக்கு அங்கனயே சோலி கெடக்கு."

நான் மிச்ச டீயை அப்படியே வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். சனிக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில் மாட்டுவண்டிகளுக்கு நடுவே மணியடித்துக்கொண்டே போனேன். கல்லூரி மாடியில் விளக்கு எரிந்தது. சார் இன்னும் புத்தகங்களைப் பிரித்துக்கொண்டுதான் இருப்பார். அவர் மூட்டை கட்டி முடிப்பதற்குள் போய் இதைச் சொல்லவேண்டும்.